வெங்கச்சங்கல்லில் மின்னியது

நானும் கவுஸ் பாயும் ஆம்பூரில் பதினைந்து வருடம் கூட்டாகத் தோல் வியாபாரம் செய்தோம். மாதனூர்க் குன்றுகளில் பொன் இருப்பதாக ஊரில் பேச்சு. வேலை ஓய்ந்த நாட்களில் இருவரும் அங்கே கல் உடைக்கப் போவோம். ஒருநாள் உடைந்த வெள்ளை வெங்கச்சங்கல்லின் நடுவே மஞ்சளாக ஒரு கட்டி மின்னியது.

"நீங்களே வைங்க, உங்க கை ராசியான கை" என்று கவுஸ் பாய் அதை என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் எனக்குப் பொறுமை இல்லை. கட்டியைப் பெயர்த்துச் சுத்தியால் தட்டினேன். பொன் என்றால் தகடாகியிருக்கும். இது கரும்பொடியாக உதிர்ந்தது. கொஞ்சம் தணலில் போட்டேன். கந்தகம் நாறியது.

மறுநாள் மீதிப் பொடியை அவரிடம் காட்டினேன்.

"இன்னா இது?"

"நேத்து எடுத்த கட்டிதான் பாய். பொன் இல்ல. தட்டினேன், தூளாப் போச்சு."

"தங்கத்தை வச்சிகினு கரியைக் காட்டறீங்களா? பலே தோஸ்த்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மாதமே கூட்டைப் பிரித்துக்கொண்டார். அவர் மகள் நிக்காஹ் அன்று தெருவில் எல்லா வீட்டுக்கும் பிரியாணி போயிற்று. எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அவரை வைத்துக்கொண்டு உடைத்திருக்கலாமே என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். எங்கள் பழக்கத்தில் அதற்கு அவசியம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.