சட்டைப் பையில் இருந்த ஃபியூஸ் கட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதத்தில், சின்னசேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஒரு மில்லில் என் கணவர் கரண்ட் அடித்து இறந்துபோனார். அவர் எலக்ட்ரீஷியன். கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரீஷியன்களுக்கென்று இருக்கும் சங்கத்தில் பல வருடமாக உறுப்பினர். நான் எழுத வந்தது எனக்கு வேலை கிடைத்த கதையை. அவர் சாவைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைச் சுருட்டிக் கொடுத்தார்கள். மேல் பையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் ஒரு ஃபியூஸ் கட்டை. எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெயினை அணைத்ததோடு விடமாட்டார்கள். கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலையில் கை வைப்பார்கள். விவரம் தெரியாமல் யாராவது வந்து மெயினைப் போட்டுவிட்டாலும் கரண்ட் வராது. "உயிரு பாக்கெட்ல கீது" என்று பையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார் அவர்.

மில்லில் இருந்தவர்கள், மெயினை அணைக்காமல் கை வைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. துக்கம் கேட்க வந்தவர்களே, கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம் என்று உச்சுக் கொட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான்தான் மூடப் பார்த்தேன். அந்தக் கட்டையை எடுத்து முகத்துக்கு நேராக நீட்டுவேன். "பாருங்க, புடுங்கிப் பையில போட்டுக்கினுதான் வேலை செஞ்சிருக்காரு. அவரு மேல தப்பு இல்ல" என்பேன். அழுததைவிட இதைச் சொன்னதுதான் ஜாஸ்தி.

நானும் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு சர்டிபிகேட் பீரோவுக்குள் போய்விட்டது. இப்போது அதை வெளியே எடுத்துக்கொண்டு கடை கடையாக, கான்ட்ராக்டர் கான்ட்ராக்டராக ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு கான்ட்ராக்டர், "பொம்பள ஏணி ஏறுனா பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார். ஏறுவது சுவிட்ச் போடவா, உங்களுக்கு வேடிக்கை காட்டவா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த வாயோடு எனக்கு யார் வேலை தருவார்கள்? சங்கத்தில் கார்டு இருந்தால்தான் ஊருக்குள் நாலு பேர் நம்பி வீட்டுக்குள் விடுவார்கள். சங்கத்தில் அதுவரை ஒரு பெண்கூட இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போய்த் திரும்பிய அன்று சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கூடவே இன்னொரு உறுப்பினரும் வந்திருந்தார். என் கணவரோடு ஒன்றாக வேலை பழகியவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அவர்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒருவர் தொடங்கிய வேலையை, அவராக விட்டுக்கொடுக்காமல் இன்னொரு உறுப்பினர் தொடக்கூடாது. அது சங்கத்தில் எழுதாத சட்டம். ஆள் இறந்துபோனால் வீட்டில் வந்து கேட்பார்கள். கல்வராயன் மலையில் ஒரு வீட்டில் என் கணவர் ஒயரிங்கைப் பாதியில் விட்டிருந்தார்.

"மலை மேல அந்த வூட்டு ஆளு வந்து வந்து கேட்டுக்கினு போறாரும்மா. பாவம், இருட்டுல கெடக்கறாங்க. யாருக்குக் குடுக்கலாம், நீயே சொல்லு" என்றார் தலைவர்.

"நானே முடிக்கறேங்க" என்றேன்.

தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து வைத்தேன். அப்படியும் பேச்சு வராததால், அவர்களும் ஊரைப் போலத்தான் நினைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஜாக்கிரதை இல்லாதவன் பெண்டாட்டிக்கு எதை நம்பிக் கொடுப்பது என்று யோசிக்கிறார்கள் போல. ஓடிப்போய் ஃபியூஸ் கட்டையை எடுத்துவந்து தலைவர் கையில் வைத்தேன். எப்போதும் சொல்வதையே சொன்னேன்.

தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணனிடம் கொடுத்தார். அவரும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சரிம்மா. போய் முடிச்சிட்டு வா. அண்ணன் கூட வருவாரு. வேலை சுத்தம்னு அவரு வந்து சொல்லட்டும், கார்டு தரோம்" என்றார் தலைவர்.

கட்டை என் பேச்சை நிலைநாட்டிவிட்டது என்று நினைத்தேன். அன்று ராத்திரிதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ்ஸில் போனோம். சுடிதாருக்கு மேல் அவருடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டிருந்தேன். கட்டை அதன் பையில் இருந்தது. அதை விட்டுவிட்டு நான் எங்கேயும் போகாத காலம் அது.

மலையில் மரவள்ளி போடுகிற குடும்பம். பழைய வீட்டை ஒட்டி ரெண்டு ரூம் புதிதாக இழுத்திருந்தார்கள். சிமெண்ட் பூச்சு நின்ற இடமெல்லாம் ஒயர் முனைகள் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தன. ஒவ்வொரு முனையையும் மடக்கி என் கணவர் டேப் சுற்றியிருந்தார். அவர் சுற்று எனக்குத் தெரியும், கடைசியில் நுனியை லேசாக மடித்து விடுவார், அடுத்த முறை நகம் வைத்துப் பிரிக்கச் சுலபமாக இருக்கும். முதல் சுவிட்ச் பெட்டியில் அந்த மடிப்பைப் பிரித்தபோது என் கை நின்றுவிட்டது. எத்தனை பெட்டி இருந்ததோ அத்தனை தடவை அவரைப் பிரித்தெடுத்த மாதிரி இருந்தது. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். அழுதேன், அழுதுகொண்டே ஸ்குரூ முடுக்கினேன். சுவிட்ச் போர்டு எல்லாம் மாட்டி, எர்த்துக்குக் குழியில் உப்பும் கரியும் போட்டு மூடி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

கரண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி. பழைய வீட்டுக் கூடத்தில்தான் மெயின் பெட்டி; அது அணைந்திருக்கிறது என்று காலையில் அண்ணன்தான் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் அண்ணன் அவசரமாகத் தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பிரித்தார்.

"இந்தா, புதுசா வாங்கியாந்தேன். நீ போய் அந்த ரூம்ல பல்பு மாட்டு. இத்த நான் போட்டுடறேன்" என்றார்.

அவர் கையில் புத்தம்புது ஃபியூஸ் கட்டை. இதற்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று நான் யோசிப்பதற்குள் வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"ஏன்யா புதுசு? இங்க இருந்தத அவருதான் எடுத்துக்கினு போனாரே" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஒயரு எல்லாம் நீட்டிக்கினு கீது, புள்ளைங்க கைய வச்சிடும்னு புடுங்கிச் சட்டையில போட்டுக்கினாரும்மா. நாளைக்கு மில்லுல ஒரு வேலை, முடிச்சிட்டு வந்து நானே போட்டுத் தரேன், அதுவரைக்கும் வெளக்க ஏத்திக்கன்னாரு. நீ கொண்டாந்தியா?"

மெயின் பெட்டியைத் திறந்தேன். ஒரு இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து கட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கட்டையும் இதுவும் ஒரே மாதிரி, விளிம்பில் இருந்த பழுப்புக் கறைகூட ஒரே மாதிரி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மோட்டார் ஓடுகிற மில்லில் இருப்பது பெரிய கட்டை. என் கையில் இருந்தது வீட்டுக்குப் போடுகிற சின்னக் கட்டை. படித்தவள்தானே நான்? ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் தொட்டுப் பார்த்த பொருள். பார்த்ததெல்லாம் எனக்கு வேண்டியதை மட்டும்தான். அவர் மேல் தப்பில்லை என்று ஊருக்கெல்லாம் நீட்டிய சாட்சி, அந்த மில்லில் அவர் என்ன செய்தார் என்று எதுவுமே சொல்லவில்லை. அவர் ரெண்டாவது தடவை செத்ததுபோல இருந்தது.

வீட்டுக்கார அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார். "வச்சிக்கிறதுன்னா வச்சிக்க தங்கச்சி. புதுச நான் போட்டுக்கறேன்" என்றார் மெதுவாக.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கொடுக்க மனசே இல்லை. ஆனால் அது இந்த வீட்டுப் பொருள், திரும்பக் கொண்டுவந்து போடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனது. எழுந்து நானே போட்டேன். மெயினைத் தூக்கியதும் எல்லா ரூமிலும் ஒன்றாக விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ரூம் ரூமாக ஓடின. அந்த வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அண்ணனிடம் கேட்டேன். "உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும். மலை வூட்டு ஆளு வந்தன்னிக்கே சொன்னாரு, கட்டைய எடுத்துக்கினு போனாருன்னு. நீ தலைவரு கையில குடுத்ததும் ரெண்டு பேருக்குமே புரிஞ்சிச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"இன்னா பண்ண சொல்ற? நீ அத்தப் புடிச்சிக்கினுதான் நின்னுக்கினு இருந்த. நாங்க அதையும் புடுங்கணுமா?" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மறுநாள் சங்கத்தில் அண்ணன், வேலை சுத்தம் என்று மட்டும் சொன்னார். தலைவர் கார்டைக் கொடுத்தார். நான் காட்டிய சாட்சியை நம்பி அவர்கள் என்னை அனுப்பவில்லை. அது சாட்சியே இல்லை என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். அவரைப் பற்றி ஒரு கேள்விகூட இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. நைனார்பாளையம் வரைக்கும் கூப்பிடுகிறார்கள். ஏணியில் நான் நிற்பதை இன்னும் சில பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். மில்லில் அவர் கட்டையைப் பிடுங்கினாரா, பிடுங்கி வைத்ததை வேறு யாராவது எடுத்துப் போட்டார்களா, இல்லை அவசரத்தில் அவரே மறந்தாரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அது உறுத்தாத நாள் கிடையாது. ஆனாலும் போகிற வீடுகளில் கட்டையைப் பிடுங்கி, நான் போட்டிருக்கும் அவர் சட்டைப் பையில் போடும்போதெல்லாம், தன் உயிரைக் கவனிக்காமல் விட்டாரோ என்னவோ, அந்த மலை வீட்டுப் பிள்ளைகளின் உயிரைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் அன்றைக்கு வேலைக்குப் போனார் என்று நினைத்துக்கொள்கிறேன்.