ஒரு சத்தத்தைத் தேடிப் பதினோரு மைல்

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் மயிலாப்பூரிலிருந்து சாந்தோம், அடையாறு, சைதாப்பேட்டை, மாம்பலம் என்று ஒரு சுற்றுப் போய் வர ஏற்ற வழி எது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் அந்தச் சுற்றை இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று போனேன். காற்று வாங்கப் போகவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் போனேன்.

என் தொழில் சோடா. மாட வீதிக்குப் பின்னால் சின்னத் தொழிற்சாலை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட, பின்புறம் திறந்த சின்ன மோட்டார் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஓட்டுபவர் சவரிமுத்து. சாந்தோம்காரர், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தெரியும்.

பூஜைக்கு முதல் நாள் வண்டியை நானே கழுவினேன். சோடாக்காரனுக்கு அழுக்கு பரம விரோதி. புட்டியில் ஒரு தூசி இருந்தால் கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தக் கைப்பழக்கத்தில் வாசல் பக்கம் தெரிகிற முன் சக்கரத்தின் நடு மூடியைக்கூடக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, உள்ளும் புறமும் துடைத்து மாட்டினேன். பித்தளை பளபளவென்று இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி நாலு மாட வீதியும் சுற்றியது. மூன்றாவது வீதியில் சத்தம் ஆரம்பித்தது. முதலில் முனகல். தேர் நிற்கிற முட்டி அருகே வந்தபோது அம்மி அரைக்கிற மாதிரி கேட்டது.

"நேத்து முந்தாநாளு அடையாத்துல எங்கனா பள்ளத்துல உட்டியா?" என்று கேட்டேன்.

சவரிமுத்து மறைக்கவில்லை. "ஒரு பள்ளம் மொதலாளி. எறங்கி ஏறிச்சி. ஆனா அதுக்கு அப்பறமும் வண்டி நல்லாத்தான் இருந்துச்சி."

எனக்குக் கோபம் வந்தது. விஜயதசமிக்கு மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது பெட்டி போட்டாக வேண்டும். பெரிதாகப் பேசிவிட்டேன். இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற நடுத்தண்டு தேய்ந்து சத்தம் போட்டால் அது வண்டியின் வயசு, என் பொறுப்பு. முன் சக்கரம் என்றால் பள்ளத்தில் விட்டது நீ, நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லை என்றேன். சாட்சிக்கு என் மனைவி நின்றாள். அவர் "செரிங்க" என்று மட்டும் சொன்னார்.

கழற்றிப் பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் திருகுச் சாவி, ஜாக்கி, கிரீஸ் டப்பா எல்லாம் மஞ்சள் குங்குமத்தோடு பூஜையில் இருந்தன. கேட்டுப் பார்த்தேன்.

"பூசையில வெச்சத இன்னிக்கு எடுப்பாங்களா? நாளைக்கு மறுபூசை ஆனப்பறம் எடுங்க" என்றாள் மனைவி.

லஸ் பக்கம் இருக்கும் மெக்கானிக் வீட்டிலும் அதே கதை. ஆயுதத்தைத் தொடாமல் காதை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது என்று கிளம்பினோம்.

புறப்பட்டது பதினொன்று பத்துக்கு. ஒரு காலன் பெட்ரோல், ஒன்றேகால் ரூபாய். சோடாப் பெட்டிகளை இறக்கிவிட்டோம். சத்தம் தேடப் போகிறவர்கள் காலி வண்டியில் போக வேண்டும்; புட்டிகள் குலுங்கினால் உலகமே அழிந்தாலும் கேட்காது. டயரில் ஆணியோ கல்லோ செருகியிருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்த்தோம், இல்லை.

சாந்தோம் வரை ஒரு மைல். நான் பின்பலகையில் படுத்துக் காதைப் பலகையில் வைத்துக்கொண்டு வந்தேன். மீன் கூடையோடு போன இரண்டு பெண்கள் சிரித்ததைப் பார்த்தேன். தண்டு ஓடும் இடத்தில் சத்தம் பெரிதாக இல்லை. அங்கே நிறுத்தி, அடுத்த பரீட்சை என்ன என்று கேட்டேன்.

"கேஸ மிதிச்சி மிதிச்சி உட்டுப் பாக்கலாம் மொதலாளி. தண்டு ஜாயின்டுல ஆட்டம் இருந்தா ஒவ்வொரு தபாவும் டொக்குனு அடிக்கும்."

அரை மைல் அப்படியே போனோம். வண்டி குலுங்கியது, நான் குலுங்கினேன், டொக்கு என்று எதுவும் அடிக்கவில்லை. முனகல் மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருந்தது.

அடையாற்றுப் பாலத்துக்குப் பதினொன்றே முக்காலுக்கு வந்தோம். வெயில் அதிகம், கடல்காற்று இருந்ததால் பொறுக்கலாம். ஆற்றின் முகத்துவாரம் பார்க்க வேண்டியவர்கள் இங்கே பத்து நிமிஷம் நிற்கலாம். நாங்கள் பாலத்தின் இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக ஓட விட்டோம். இஞ்சின் ஓய்ந்தது. சத்தம் ஓயவில்லை. ஆக, உருளுகிற எதிலோதான் கோளாறு.

பாலம் தாண்டி வேப்பமரத்தடியில் ஒரு ஜட்கா நின்றிருந்தது. அதை ஓட்டுகிற பாய் எங்கள் வண்டி வருவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, சக்கரத்துக்கு வண்டி மை வெக்கலியா? இப்டி கத்துது."

"பாய், இது மோட்டாரு. மை வெச்சி ஓட்றதில்ல" என்று நான் பதில் சொன்னேன். அவர் குதிரைக்குப் புல் போடப் போய்விட்டார்.

அடையாறு நாற்சந்தியில் அகலமான இடம் இருக்கிறது. வட்டம் அடிக்க வசதி. வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் முழுவதும் இடச் சக்கரத்தில் விழும்; இடப்பக்கம் திரும்பினால் வலச் சக்கரத்தில் விழும். எந்தத் திருப்பத்தில் சத்தம் கூடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தில் கோளாறு. நான் இடப்பக்கப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு நின்றேன். இடது வட்டத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. வலது வட்டத்தில் பல் கூசுகிற மாதிரி அலறியது.

சவரிமுத்து இறங்கி வந்து, முதலில் வலப்பக்க முன் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தார். பிறகு இடப்பக்கம் வந்து வைத்து, உடனே எடுத்துக்கொண்டார். அந்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் விரல் வைத்தேன். தோசைக்கல் தோற்றது.

"முன் சக்கரம்தான் மொதலாளி. எடது பக்கம்" என்றார்.

சொன்னால் தன் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார். தண்டு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்காது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. என் ஊகம் சரியாகிவிட்டது என்ற பெருமைதான் இருந்தது.

"இப்டியே திரும்பிடலாம் மொதலாளி. சூடு ஏறிக்கினு கீது" என்றார். நான் கேட்கவில்லை. சைதாப்பேட்டைப் பாலத்தில் இன்னொரு தரம் பார்த்தால்தான் நிச்சயம் என்றேன். கிண்டி வழியாக மூன்று மைல், பத்து மைல் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டினார். இருபுறமும் மரநிழல், இந்தச் சுற்றில் இதுதான் நல்ல பாதை. சைதாப்பேட்டையிலும் அதே சத்தம்.

மாம்பலத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன் ஏரி கிடந்த இடத்தில் இப்போது தெருக்கள் அளந்து போட்டிருக்கிறார்கள். வீடு ஒன்றுக்கு நாலு காலி மனை. பூங்கா ஓரம் நிறுத்திச் சக்கரத்தை ஆற விட்டோம். அரையணாவுக்கு ஒரு டீ, ஆளுக்கு ஒன்று. அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

"பேசினது பேசினதுதான். நாளைக்கு வர வேணாம்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். "வண்டிய வூட்ல உட்டுட்டுப் போறேன். வேற ஆளு ஓட்னா வழியிலயே சக்கரம் பூட்டிக்கும்."

தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை வழியாக மூன்று மைலை ஐம்பது நிமிஷத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொரு அரை மைலுக்கும் நிறுத்திக் கை வைத்துப் பார்த்தார். இரண்டரைக்கு வண்டி வாசலில் நின்றது. சாவியை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுச் சாந்தோமுக்கு நடந்தே போனார்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சார் உள்ள சந்தனம் பூசினது?"

நான்தான். மூடி நிறையக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அதை அழுக்கு என்று நினைத்துக் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் அச்சு வரை துடைத்து, உள்ளேயும் சந்தனக் குங்குமம் வைத்து மூடினேன். அந்தக் கறுப்புதான் கிரீஸ். அது இல்லாமல் உள்ளிருந்த பேரிங் குண்டுகள் காய்ந்து, உராய்ந்து, நீலம் பாரித்துக் கிடந்தன. பள்ளத்தில் விழுந்ததற்கு அச்சில் ஒரு கோணலும் இல்லை என்று மெக்கானிக் நூல் பிடித்துக் காட்டினார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை. உண்மையில் வெட்கமாக இருந்தது.

புதுக் குண்டுகள் போட்டுக் கிரீஸ் அடைக்க ஒன்றரை மணி நேரம். மெக்கானிக்கையே ஓட்டச் சொல்லி நேரே சாந்தோம் போனேன். சவரிமுத்து வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, திரும்பி வர வேண்டும் என்றேன்.

"எனக்கு அடையாத்துலயே தெரியும் மொதலாளி. மூடி ஓரத்துல உள்ளேர்ந்து சந்தனம் காஞ்சி பொடியா உதிந்துக்கினு இருந்துச்சி."

"அப்பவே ஏன்யா சொல்லல?"

"நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். உங்க பூசையாலதான் வண்டி கெட்டுச்சுனு நான் வாயத் தொறந்தா எப்டி இருக்கும்? உங்க வூட்டு அம்மா மனசு இன்னாவாகும்?"

 மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டேன். நேற்றுச் சாயங்காலமே அடையாற்றில் ஒரு பங்களாக் காரை ஓட்டப் போவதாக ஒத்துக்கொண்டுவிட்டதாகவும், கொடுத்த வார்த்தையை மாற்ற முடியாது என்றும் சொன்னார். தெரு வரை கூட வந்து, சக்கரத்தின் மேல் கை வைத்துப் பார்த்து, "இப்ப செரியா கீது" என்றார்.

இந்தச் சுற்றுக்குப் போகிறவர்களுக்கு: மொத்தம் பதினோரு மைல், நிற்காமல் போனால் ஒரு மணி நேரம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயில் படாது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கிண்டிப் பாதையில் கடை இல்லை. சத்தம் கேட்டால் இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திப் பாருங்கள், இருபுறமும் வட்டம் அடித்துப் பாருங்கள், சக்கரத்தின் நடுவில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பூஜைக்குப் பொட்டு வெளியே வைத்தால் போதும். யார் வேலை போகும் என்பதை மட்டும் கிளம்பும் முன் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாணத்துக்கு நாற்பது பெட்டியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது வண்டியை ஓட்டுபவன் மேற்கு மாம்பலத்துப் பையன், கெட்டிக்காரன். சவரிமுத்து ஏன் போனார் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஆழ்வார்பேட்டை அருகே பின்பக்கம் ஏதோ டொக்கு என்று அடித்தது. என்ன அது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. எல்லாம் நல்லா கீது" என்றான். டொக்கு என்று மறுபடியும் அடித்தது. அவன் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.