சவரிமுத்து நிறுத்திய இஞ்சின்

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் சவரிமுத்து இருபது வருடம் இஞ்சின் ஓட்டினார். சத்தம் ஒரு துளி பிசகினாலும் சோற்றுக் கையோடு தன் லயத்து வீட்டிலிருந்து ஓடி வருவார். பிசகினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அவர் படித்த பாடம் அது ஒன்றுதான்.

1954இல் ஒரு மத்தியானம், பனிமூட்டத்துக்குள் ஓர் ஆகாயவிமானம் தாழப் பறந்து வந்தது. அதன் சத்தம் காதில் விழுந்ததும் அவர் வாசலுக்குப் பாய்ந்தார்.

“ஒரு இஞ்சின் நின்னுபோச்சு, மத்ததும் தெணறுது. நிறுத்துங்கய்யா, நிறுத்துங்க!” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். ஆகாயத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. உள்ளே ஓடி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் இஞ்சினை நிறுத்தினார்.

தொழிற்சாலை அடங்கியது. அந்த அமைதியில்தான் விமானம் மலையில் மோதியது எல்லோருக்கும் கேட்டது. மலையேறிப் போன தொழிலாளர்கள் விமானத்திலிருந்த பதினெட்டுப் பேரைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். ஒருவருக்கும் உயிரில்லை.

மறுநாள் தோட்டத்தை நடத்தும் துரைக்கு அந்தச் சாவெல்லாம் பழசாகிவிட்டது. எந்திரத்தில் கிடந்த கொழுந்து புளித்துப்போன கோபம்தான் மிச்சம்.

“நல்லா ஓடுன இஞ்சின ஏன் நிறுத்தின?”

சவரிமுத்து தன் கைகளைப் பார்த்தார்.

“எனக்கு எட்டுனது அது ஒண்ணுதாங்க, தொர.”