அம்சவள்ளி மாத்திவிட்ட எடம்

மரக்காணத்துல நாங்க வேலை செய்யிற உப்பளத்துக்குப் பொம்பள சூப்பர்வைசர்னா அம்சவள்ளி அக்கா ஒருத்திதான். கல்யாணமாகி வந்த வருஷமே தலையில உப்புக் கூடையை ஏத்தினவ. புருஷன் செத்த பெறகு ரெண்டு பிள்ளைங்களையும் அந்தக் கூடையாலதான் ஆளாக்கினா. அவளை சூப்பர்வைசர் ஆக்கினப்ப, நம்ம கஷ்டம் தெரிஞ்சவ வந்துட்டான்னு எங்களுக்குத் தலைகால் புரியல.

உப்புக் கூடையை நாமளே தூக்கித் தலையில வச்சிக்க முடியாது. ஒரு ஆள் தூக்கிவிடணும். ரெண்டு கையும் மேல கூடையைப் பிடிச்சிருக்கும். அந்த நேரம் பார்த்து இடுப்புல கை வைப்பான் பிரபு, பாவி. லோடு ஏத்துற எடத்துக்கு அவன்தான் இன்சார்ஜ்.

எங்ககூட கூடை தூக்குற பூஜா அழுதுகிட்டே வந்து அக்காகிட்ட சொன்னா. இந்த மாதிரி புகார் வந்தா உடனே ஓனருக்குச் சொல்லணும்னு பேசித்தான் அக்காவுக்கு அந்த வேலையே குடுத்தாங்க. அக்கா சொல்லல. "வயசுப் பொண்ணு, பேரு கெட்டுடும்"னு பூஜாவை பாக்கெட் போடுற ஷெட்டுக்கு மாத்திவிட்டா. இங்க எல்லாரும் செய்யிறதுதான் இது. பொண்ணை மாத்துவாங்க, அவனை மாத்த மாட்டாங்க. அதை நல்லதுன்னே நம்பினா அக்கா. நெனச்சா எனக்கு வயிறு எரியுது.

பூஜா நின்ன எடம் காலியா கெடக்குமா? வேலைக்குப் புதுசா வந்த ரேணுகாவை அக்கா அங்க நிறுத்தினா. அவன் கை வச்சதும் ரேணுகா கூடையைப் போட்டுட்டு அவனைத் தள்ளினா. அந்த வேகத்துல வரப்புல வழுக்கி விழுந்து அவ கை முறிஞ்சிபோச்சு.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, ஓனர் ரூமுக்கு அவளைக் கூட்டிட்டுப் போனது நான்தான். அக்காவையும் பிரபுவையும் ஓனர் அங்க வரச் சொல்லியிருந்தாரு. பிரபு என்னா தெனாவெட்டா பேசினான் தெரியுமா! "லேடி சூப்பர்வைசர் இருக்காங்களே சார். என்மேல ஒரு புகார் வந்திருக்கான்னு அவங்களையே கேளுங்க."

அப்பதான் அக்கா வாயைத் தொறந்தா. "பூஜா சொன்னா சார்."

பூஜாவைக் கூப்பிட்டாங்க. அவளுக்குப் பக்கத்துல பிரம்மதேசம் ஊர்ல மாப்பிள்ளை நிச்சயமாயிருந்துது. அக்கா பக்கமே திரும்பாம, "அப்படி ஒண்ணும் இல்லைங்க"ன்னுட்டா.

"அன்னைக்குச் சொல்லாம இன்னைக்கு என்னாம்மா கதை விடுற?"ன்னு ஓனர் அக்காமேல எரிஞ்சி விழுந்தாரு. ரேணுகாவை வேலைக்கு வராதன்னுட்டாரு. பிரபு லோடு ஏத்தப் போயிட்டான்.

வெளிய வந்ததும் அக்கா அழுதுகிட்டே ரேணுகா தோளைத் தொடப் போனா. ரேணுகா பின்னால நகர்ந்துட்டா.

"அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சேதான் என்னை அங்க நிறுத்தினீங்களாக்கா?"

அக்கா ஆமாம்னு தலையாட்டினா.