அக்கா நேராகப் போன சனிக்கிழமை

என் அக்கா யோக்கியமானவள். சௌராஸ்தா மார்க்கெட்டில் காய்கறிக்காரர் கணக்குத் தப்பி மீதியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், பாதி வழி வந்த பிறகும் திரும்பிப் போய்க் கொடுப்பாள். பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடிப்பதானாலும் கேட்டைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் ஒடிப்பாள். ஆனால் அரசாங்க அலுவலகம் என்று வந்துவிட்டால் அவளுக்குள் வேறொரு பெண் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பெண்ணுக்கு வரிசை தெரியாது, எண் சீட்டு தெரியாது. எந்த வேலைக்கும் ஓர் ஆள் இருப்பார், அந்த ஆளுக்கு ஒரு காப்பி வாங்கித் தர வேண்டும், அந்தக் காப்பியின் விலை எந்தக் கடைப் பலகையிலும் எழுதியிருக்காது. இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் யாரும் அதை லஞ்சம் என்று சொன்னதில்லை. லஞ்சம் பத்திரிகையில் வருவது. பெரிய மனிதர்கள், பெரிய பைகள். நாங்கள் கொடுத்தது காப்பிக் காசு. ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, வியர்த்து, வரிசையில் நின்று, முன்னால் போய்ச் சேர்ந்ததும் "இந்தக் கவுண்டர் இல்லை" என்று கேட்டு, அடுத்த வரிசையில் நின்று, அந்தக் கவுண்டர் சாப்பாட்டு நேரத்துக்காக மூடப்படுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குக் காப்பிக் காசு மலிவு. நேர்வழி என்பது நேரம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். பட்டம் விடுவதைப்போல, மீன் பிடிப்பதைப்போல.

அக்கா பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சில்லுகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்துப் பார்த்தே அவளுடைய இளமை போனது. போன மழைக்காலத்தில் அந்தக் கம்பெனி கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் புதுக் கட்டடம் திறந்தது. சூப்பர்வைசர் வேலைக்கு அக்காவைக் கேட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவளைக் கேட்டார்கள்! ஒரே நிபந்தனை: மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு தொழிற்சாலைகளுக்கும் நடுவில் அவளே கார் ஓட்டிப் போய் வர வேண்டும். திங்கட்கிழமை காலை வரும்போது லைசன்ஸைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் அக்காவைவிட ரொம்ப இளையது.

வெள்ளிக்கிழமை மாலை கைப்பையின் அடியிலிருந்து லைசன்ஸை எடுத்துப் பார்த்தால், அது காலாவதியாகி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், கவனிக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் இருக்கும் எனக்குப் போன் அடித்தாள்.

"இத்தன வருஷம் கழிச்சு ஒரு நல்லது வருது, இந்த அட்டை குறுக்க படுத்துக் கெடக்கு பாரு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா மறுபடி டெஸ்ட்டே எழுதணுமாம்டி."

"நாளைக்குப் போய்ப் புதுப்பிச்சிட்டு வருவோம்கா."

"போய்ன்னா? யாரப் பாக்கப் போய்?"

"யாரையும் இல்ல. கவுண்டருக்கு."

அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் என் போன் அதிர்ந்தது. "நீ கவித எழுது. அது ஒனக்கு நல்லா வருது. இத நான் பாத்துக்கிறேன் லா."

சனிக்கிழமை மத்தியானம் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனது ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு. அங்கே மூலை மேசையில், காற்றாடிக்கு நேர் கீழே, ஓர் அண்ணன் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார். அலுவலக வேலைகளை நமக்காக முடித்துத் தருகிறவரை எங்கள் ஊரில் ரன்னர் என்போம். இவர் ஓடி நான் பார்த்ததில்லை. எதிரில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர், மடியில் தோல் பை, பைக்குள் யார் யாருடைய அடையாள அட்டைகளோ. எங்கள் குடும்பத்தின் கல்யாணம், கார், கடை உரிமம் எல்லாம் அந்தப் பைக்குள் நுழைந்துதான் வெளியே வந்திருக்கின்றன.

"வாங்க வாங்க," என்றார். "அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து வந்தா யாருக்கோ கல்யாணம், இல்லாட்டி யாருக்கோ சம்மன். எது?"

"லைசன்ஸ்ண்ணே. செத்துப் போச்சு. திங்கக்கிழமை காலையில வேணும்."

அவர் கிளாஸை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். "திங்களா? எனக்கே ரெண்டு வாரமாகும் தங்கச்சி. உள்ளுக்கு இருந்த நம்ம ஆளு பென்ஷன் வாங்கிட்டு ஈப்போ குளத்துல தூண்டில் போட்டுக்கிட்டு இருக்காரு. இப்ப இருக்கறது எல்லாம் சின்னப் புள்ளைங்க. எதக் கேட்டாலும் சிஸ்டம், சிஸ்டம்ங்குது."

"கூடக் கொஞ்சம் போட்டுக் குடுக்கறேண்ணே."

"யாருக்குக் குடுப்பீங்க? கம்ப்யூட்டர் காப்பி குடிக்குமா?"

அக்காவின் முகம் சுருங்கியது. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேசைக்கு மேல் குனிந்து, கூடாத காரியத்தைச் சொல்கிறவரைப்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அவசரம்னா ஒரே வழிதான் இருக்கு. நேராப் போங்க."

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு நீந்திப் போகச் சொன்னதுபோல் அக்கா அவரைப் பார்த்தாள். "நேராவா?"

"நேராத்தான். என் மருமவன் போன மாசம் போனான். நான் எடுத்துத் தர்றேன்டான்னேன். இருங்க மாமான்னுட்டுப் போனான். நான் ஒரு ரொட்டி சானாய் தின்னு முடிக்கல, அட்டையோட வந்து நிக்கிறான். எனக்கு அவமானமாப் போச்சு லா!" என்று சொல்லி, தொப்பி நழுவும்படி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் தேநீருக்கு அவரே காசு கொடுத்து அனுப்பிவைத்தார்.

லைசன்ஸ் புதுப்பிக்கும் அரசாங்கச் சேவை மையம் ஒரு கடைத்தொகுதியின் மாடியில் இருந்தது. ஒரு பக்கம் செருப்புக் கடை, மறுபக்கம் குமிழ்த் தேநீர்க் கடை. சனிக்கிழமை, அதுவும் சாயங்காலம், கதவு திறந்திருந்தது. அதை நம்புவதற்கே அக்காவுக்கு எஸ்கலேட்டர் முழுதும் தேவைப்பட்டது. இதற்கென்றே வைத்திருக்கும் முகத்தை அணிந்துகொண்டிருந்தாள்: கொஞ்சம் நோய், கொஞ்சம் ஏழ்மை. கையில் ஒரு பெரிய பை. பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், கரண்ட் பில், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கும் நகல். உட்காரப் போகிற நேரத்தில், அடையாள அட்டையின் உறைக்குள் அவள் ஒரு நோட்டை மடித்துச் செருகுவதைப் பார்த்துவிட்டேன்.

"அக்கா! எடு அத."

"வாய மூடு. இது லஞ்சம் இல்ல, மரியாத."

"மேல கேமரா இருக்குக்கா."

"அதுக்குத்தான் மடிச்சு வச்சிருக்கேன்."

எங்கள் சண்டை சூடுபிடிப்பதற்குள் திரையில் எங்கள் எண் வந்துவிட்டது. அக்காவுக்கு அதுவே பிடிக்கவில்லை. காத்திருக்கத் தயாராக, பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் கொண்டு வந்திருந்தாள்.

கவுண்டரில் தலையில் இளநீலத் துணி கட்டிய ஒரு மலாய்ப் பெண். அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். அட்டையை வாங்கினாள். உறையைப் பிரித்தாள். நோட்டு விழுந்தது.

வேலை போச்சு, மானமும் போச்சு, பத்து காவானும் போச்சு என்று நினைத்தேன். அக்காவோ கவுண்டரையே பார்த்துக்கொண்டு, எதுவும் நடக்காததைப்போல், தன் பழைய வழக்கப்படி நின்றாள்.

அந்தப் பெண் நோட்டை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். இரண்டு கையாலும் நீவிவிட்டு, அக்காவின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"காக், டுவிட் காக் ஜாத்தோ," என்றாள். அக்கா, உங்க காசு விழுந்துடுச்சு.

பத்திரமாக வையுங்கள், இங்கே ஆள் நடமாட்டம் அதிகம் என்றும் மலாயில் சேர்த்துச் சொன்னாள். அதில் கண்டிப்பு இல்லை. குறிப்பு இல்லை. மறைத்த சிரிப்புகூட இல்லை. அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். கழுவிவைத்த தட்டைப்போல் இருந்தது. அவளுக்குப் புரியவே இல்லை! எங்கள் கைகள் இத்தனை காலம் பேசிய அந்த மடிப்பு மொழியை, உறைக்குள் உறையாய்ப் பொதிந்த அந்தக் கெஞ்சலை, அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உலகத்தில் மொழிகள் அழிகின்றன என்று மேடைகளில் அழுதிருக்கிறேன். இந்த ஒரு மொழி என் கண் முன்னால் கேட்பாரில்லாமல் செத்துக் கிடந்தது, எனக்கோ அங்கேயே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அக்கா நோட்டை எடுத்துக்கொண்டாள், வேறு யாருடையதையோ எடுப்பதுபோல. பிறகு, விட்டதைப் பிடிக்கிறவளாகப் பத்திரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பிறப்புப் பத்திரம்? "தா பாயா, காக்." வேண்டாம். கல்யாணப் பத்திரம்? வேண்டாம். கரண்ட் பில்? அந்தப் பெண் இப்போது சிரித்தேவிட்டாள். உங்கள் வீட்டுக் கரண்ட்டை வைத்து நான் என்ன செய்ய, என்று கேட்டாள். உள்ள கட்டணத்தைக் கட்டினோம், ரசீது வந்தது. பெட்டிபோன்ற ஓர் இயந்திரம் உறுமியது. அட்டை வெளியே வந்தது, இன்னும் சூடாக. அக்கா அதைப் பிடித்த விதம், பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல் இருந்தது. உள்ளே போகும் முன் நான் வாங்கியிருந்த குமிழ்த் தேநீரில் ஐஸ்கூட இன்னும் கரையவில்லை.

செருப்புக் கடை வாசலில் அக்கா நின்றுவிட்டாள்.

"யாருமே திட்டலயேடி."

"எதுக்குத் திட்டணும்?"

"திட்டாம ஒரு வேலை முடியுமா? இது செல்லாது. எனக்குத் தெரியும். திங்கக்கிழமை அங்க போய் நிப்பேன், மெஷின்ல தட்டிப் பாத்துட்டு இது செல்லாதும்மான்னு சொல்லுவான். அப்ப நீ வந்து கவித படி."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாங்கள் திருந்தியா போனோம்? இல்லவே இல்லை. கடைசி நொடிவரை அக்காவின் கை உறைக்குள்தான் இருந்தது. ரன்னரிடம் ஆகியிருந்தால் ரன்னரிடமே முடித்திருப்பாள். அன்றைக்கு நேர்வழி பக்கத்தில் இருந்தது, குளுகுளுவென்று இருந்தது, சனிக்கிழமையும் திறந்திருந்தது, குறுக்கு வழியோ இரண்டு வாரம் கேட்டது. அவ்வளவுதான். என் சோம்பேறி அக்காவையும், பொறுமையில்லாத என்னையும், நாசி கண்டார் கடை அண்ணனின் மருமகனையும் யோக்கியர்களாக்குவதற்கு யாரோ எங்கேயோ ஒரு மேசையை நகர்த்தி, ஒரு கதவை நேரம் கடந்தும் திறந்து வைத்தார்கள். அவர்கள் யாரென்று தெரிந்தால் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போவேன்.

அக்கா மட்டும் சமாதானமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஹாரன். அத்தானின் சின்ன வெள்ளைக் கார். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அக்கா.

"ஏறு. பத்து காவான்வர ஓட்டிப் பாக்கணும்."

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலத்தில் அவள் போன வேகத்தில் லாரிகள்கூட எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போயின. இரண்டு பக்கமும் கடல், சீனச் சட்டியில் காய்ந்த எண்ணெய்போல அசையாமல். அக்கா பாலத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பெருநிலத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையில் ஆரஞ்சுக் கூம்புகள், இரண்டு போலீஸ்காரர்கள்.

சாலைத் தடுப்பைப் பார்த்ததும் வாய் உலர்ந்துபோகும் குடும்பம் எங்களுடையது. இன்றைக்கு அக்கா, தைப்பூச ரதம் முனை திரும்பியதைக் கண்டவள்போல் நிமிர்ந்தாள்.

"தடுக்கிறாங்கடி! தடுக்கிறாங்க!"

தடுக்கவில்லை. இளம் போலீஸ்காரர் சலித்த கையால் போ போ என்று வீசினார். அக்கா நிறுத்திவிட்டாள். பின்னால் ஹாரன்கள் கிளம்பின. கண்ணாடியை இறக்கி, மலாயில் கேட்டாள்: "சார், என் லைசன்ஸைப் பார்க்கவில்லையா?"

அவர் குனிந்தார். "லைசன்ஸில் ஏதாவது பிரச்சினையா, காக்?"

"பிரச்சினை இல்லைன்னு நீங்க சொல்லணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். அவர் அட்டையை வாங்கி, கையிலிருந்த கருவியில் எதையோ தட்டினார். அக்கா மூச்சுவிடாமல் அவருடைய கட்டை விரலையே பார்த்தாள். பின்னாலிருந்த லாரிக்காரர் தலையை நீட்டி, எங்கள் குலத்தை விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

"சா, காக்," என்றார் போலீஸ்காரர், அட்டையைத் திருப்பித் தந்தபடி. செல்லும். "பல வருஷத்துக்குச் செல்லும். இப்போ தயவுசெய்து போங்க!"

அதற்குப் பிறகு அவள் ஓட்டினாளே, அதுதான் ஓட்டம். செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் புதிதாகப் போட்ட அகலச் சாலையில், ஆளே இல்லாத சிக்னலிலும் மரியாதையாக நின்று, சிவப்பையும் பச்சையையும் உறவுக்காரர்களைப்போல் விசாரித்துக்கொண்டு போனாள். புதுத் தொழிற்சாலையின் கேட் மூடியிருந்தது. வெளியே, சாலையோரத்தில் காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. கட்டடத்தின் மேல்மாடியில் வரிசையாக ஜன்னல்கள், எல்லாவற்றிலும் காலை வெயில்.

"சூப்பர்வைசருக்கு ஜன்னல் பக்கம் மேசை குடுப்பாங்களாக்கா?"

"குடுக்கலன்னா என்ன, நாற்காலிய நானே இழுத்துப் போட்டுக்குவேன்," என்றாள். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து, எதில் மத்தியான வெயில் அடிக்காது என்று சத்தமாக யோசிக்க ஆரம்பித்தாள்.