பத்தியம் காத்தவர் மேல் விழுந்த பழி

திருகோணமலை நகரில் நான் மேடைப் படியில் கால் வைத்த வேளையில், பவானி ஆசிரியை மறைந்தார் என்ற செய்தி வந்தது. அன்று மேடை ஏறாமலே திரும்பினேன். இன்று பேசுகிறேன். அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் கேட்டே ஆகவேண்டும்.

பாலையூற்றில் வாழ்ந்தவர், கணிதம் கற்பித்தவர், வழக்காடு மன்ற மேடைகளில் என் எதிரணிப் பேச்சாளர். அவரைப் பீடித்தது செலியாக் நோய். கோதுமையின் புரதம் உள்ளே சென்றால், உடலே தன் சிறுகுடலின் உட்சுவரை அழிக்கும். கோதுமையை விலக்கினால் தேறும் என்றார்கள். பாண் என்னும் ரொட்டி முதல் எல்லாம் விலக்கினார். தேறவில்லை. உடல் கரைந்துகொண்டே போனது.

மருந்து தோற்றால் ஊர் நோயாளியைத்தான் ஐயுறும். ஒரு திருமண வீட்டுக்குப் பவானி தம் சோற்றைத் தாமே கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய மாமி பந்தியிலேயே சொன்னார்: "எங்கட கையால சாப்பிட ஏலாதாம். வீட்டில கள்ளமாப் பாண் தின்னிறாவெண்டு கதை. பின்ன எப்பிடி வயித்து வருத்தம் மாறும்?"

"கள்ளமாத் தின்னிறதெண்டால் பாணையோ தின்னுவன், மாமி? உங்கட பலகாரத்தையெல்லோ தின்னுவன்!"

பந்தி சிரித்தது. கை கழுவும் இடத்தில் அவர் அழுததை நான் கண்டேன்.

குசினியில் உள்ள சமையல் பொருள் அனைத்தையும் எடுத்துவரும்படி மருத்துவர் பணித்தார். பையை நான் சுமந்தேன். "என்ன டொக்டர், கடை போடப் போறியளோ?" என்றார் பவானி. மருத்துவரின் விரல் பெருங்காயப் பெட்டியில் நின்றது.

"டீச்சர், இதில கோதுமை மா கலந்திருக்கு. ரசத்துக்குப் போடுறனீங்களோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

வயிற்றுக்கு நல்லதென்று அவரே நாளும் வைத்துக் குடித்த ரசமே நஞ்சாயிற்று!

பெருங்காயம் வெளியேறியது. குருதிச் சோதனை சீரானது. குடல் மட்டும் ஆறவில்லை. மீண்டும் குடற்சதை எடுத்து ஆராய்ந்தார்கள். குடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே திரிந்திருந்தன. "இது பத்தியத்துக்கு அடங்காத வகை. உங்களில பிழையில்லை, டீச்சர்" என்றார் மருத்துவர். அழற்சி தணிக்கும் மாத்திரைகள், கொழும்புப் பயணங்கள், குருதிநாளம் வழியே ஊட்டம். ஐயோ, எந்தக் கதவும் திறக்கவில்லையே!

இறுதியாகக் கண்டபோது என் கையைப் பற்றினார். "அண்ணை, செத்தாப் பிறகு செந்தமிழில என்னைப் புகழாதேங்கோ. நான் கள்ளமாத் தின்னேல்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ. மாமிக்குக் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லுங்கோ."

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது இந்தக் கட்டளை ஒன்றே. குரல் உள்ளவரை அதைச் சுமப்பேன்.

மாமி, கேளுங்கள். ஊரே, கேள். பவானி ஒரு துண்டுப் பாணும் தொடவில்லை. பசித்தே போனார்.