கராஜுக்குள் காபோன்

எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு காலத்தில் காபோன் நாடு இருந்தது. பழைய கதவுப் பலகை ஒன்றின் மேல், ஆறடி நீளத்துக்குப் படுத்திருந்தது. அதன் காடுகளை ப்ரொக்கோலியால் செய்திருந்தேன். மூன்றாம் நாளே காடு நாறத் தொடங்கியது. ஆனாலும் சிட்னியில் எங்கள் பென்டில் ஹில்லில் வேறு எந்த வீட்டிலும் ஓர் ஆப்பிரிக்க நாடு இல்லை என்ற நினைப்பில், அந்த நாற்றத்தையும் சேர்த்தே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஐந்தாம் வகுப்பு. ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்து, அதன் நிலம் எப்படி, பிழைப்பு எப்படி என்று மாதிரி செய்து, பெற்றோர் வரும் நாளில் விளக்கவேண்டும். ஜப்பானுக்கும் பிரேசிலுக்கும் அடிபிடி நடந்தது. நான் எழுந்து காபோன் என்றேன். ரீச்சரே சுவரில் இருந்த உலகப்படத்தில் சிறிது நேரம் விரலால் தேடினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏனென்றால் என் மாமா காபோனில் வேலை செய்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. மன்னாரில் வள்ளங்களோடு வளர்ந்தவர். வளைகுடாத் துறைமுகமொன்றில் கிரேன் ஓட்டப் பழகி, பிறகு சிட்னிக்கு வந்து, அங்கிருந்து காபோன் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடை ஒன்றில் கிரேன் ஓட்டப் போனார். நாலு கிழமை, இருபத்தெட்டு நாள், கடல்; பிறகு நாலு கிழமை பென்டில் ஹில். எங்கள் முன்னறைதான் அவருடைய அறை. அவருடைய செம்மஞ்சள் நிறப் பை வாசலருகே எப்போதும் பாதி கட்டியபடியே இருக்கும். மன்னாரில் பெண் பார்த்து, வருடக் கடைசியில் கலியாணத்துக்கு நாளும் வைத்திருந்தார்கள். அது எனக்கு ஒரு புதுச்சட்டை என்ற அளவில் விளங்கியிருந்தது.

ஆறு வருடமாகப் போய்வருகிறவர் கையில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று நினைத்து, மாமா வந்து இறங்கிய அன்றைக்கே கொப்பியும் பென்சிலுமாகப் பக்கத்தில் குந்திவிட்டேன். யானைகள் கடற்கரைக்கே வருமாமே, பார்த்தீர்களா? இல்லை. கொரில்லா? இல்லை. காட்டுக்குள்ளால் போகிற ரயில்? ரயில் இருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்டார். விசாரித்ததில் விஷயம் இதுதான்: விமானத்தில் தலைநகரான லிப்ரவில்லில் இறங்குவார். அங்கிருந்து சின்ன விமானத்தில் எண்ணெய் நகரத்துக்கு. அங்கிருந்து ஹெலிகொப்டரில் மேடைக்கு. நாலு கிழமை கழித்து அதே வழியால் திரும்பி வருவார். காபோன் மண்ணில் அவர் கால் பட்ட தூரத்தை எல்லாம் கூட்டினாலும் எங்கள் தெருவின் நீளம் வராது.

"அப்ப என்னதான் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன். அழுகை வரப்பார்த்தது.

மாமா கொஞ்சம் யோசித்தார். "கடல். கிரேனில இருந்து பாத்தா மீன்பிடிக்கிற ஆக்கள் தெரிவினம். குந்தியிருந்து வலை பிரிப்பினம், எங்கட ஆக்கள் மாதிரியே."

ஆகவே நான் படித்து மாமாவுக்குக் காபோனைச் சொல்லிக்கொடுக்கவேண்டியதாயிற்று. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பூமத்திய ரேகை நாட்டை ஊடறுத்து ஓடுகிறது. நாட்டின் பெரும்பகுதி காடு. ஒகூவே என்ற பெரிய ஆறு காட்டையெல்லாம் சுற்றிவந்து கடலில் விழுகிறது. அது விழும் இடத்தில்தான் எண்ணெய் நகரம். தலைநகரிலிருந்து அங்கே நேராக ஒரு ரோட்டுக்கூட இல்லை. ரயில் ஒன்று காட்டுக்குள்ளிருந்து மங்கனீசையும் மரத்தையும் கடற்கரைக்கு இழுத்துவருகிறது. நான் அடுக்கிக்கொண்டே போக, மாமா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மழையும் வெயிலும் குறையாத நாடு, கம்பை நட்டாலும் முளைக்கும், பிறகு ஏன் சாப்பாட்டை வெளியிலிருந்து வாங்குகிறார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அதற்கு மாமாவிடம் பதில் இருந்தது.

"எண்ணெய்க் காசு வரேக்க ஆர் பிள்ளை தோட்டம் செய்யப் போகினம்? விலை விழுந்தாத்தான் மம்பெட்டியைத் தேடுவினம்."

அதைக் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

விலை என்றால் எங்கள் வீட்டில் இன்னொரு கதை இருந்தது. அப்பா பொதிகள் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டுபவர். அவருக்கு உலகம் பெற்றோல் செட்டின் விலைப்பலகையில்தான் தொடங்கும். காரில் இடப்பக்க யன்னலில் இருப்பவர் போகும் வழியெல்லாம் விலையை உரக்க வாசிக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்த வேலை என்னுடையது. அந்த வருடம் விலை விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டேயிருந்தது. நான் ஒவ்வொரு இலக்கத்தையும் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கத்துவேன். அப்பா ஸ்டியரிங்கில் தட்டி "அப்பிடிப் போடு" என்பார். நினைத்தபோதெல்லாம் கடலுக்குப் போனோம். தோசை சாப்பிட லிட்கம் வரைக்கும் போனோம். பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த மாமாவும் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று கேட்பார். அவருக்கும் சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன்.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் கலண்டரைப் பார்த்தேன். பெற்றோர் நாளுக்குப் பத்து நாள் முன்னால் மாமாவின் நாலு கிழமை முடிகிறது.

என் காபோனில் கிரேன் ஓட்ட மாமா இல்லையென்றால் அது வெறும் மரக்கறித் தட்டு. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கொம்பனியிடம் கேளுங்கள் என்று மாமாவிடம் கெஞ்சினேன். அவர் சிரித்துச் சமாளித்தார். மனிதரிடம் கேட்டு ஆகாதென்று அந்தோனியாரிடம் போனேன். எங்கள் வீட்டில் அம்மாவின் சாவி தொலைந்தாலும் அப்பாவின் கண்ணாடி தொலைந்தாலும் அவரைத்தான் பிடிப்பது, அவர் கைவிட்டதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவருடைய சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, மாமா திரும்பிப் போகக்கூடாது என்று வேண்டினேன். பத்து நாள் என்று கணக்குச் சொல்ல நினைத்திருந்தேன். அவசரத்தில் அது மறந்துபோனது. போகக்கூடாது என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடிவந்தேன்.

இதற்கிடையில் கராஜில் வேலை மும்முரமாக நடந்தது. நிலம் என்னுடையது, கடல் மாமாவுடையது என்று பிரித்துக்கொண்டோம். நான் மலைகளைக் களிமண்ணில் எழுப்பி, ப்ரொக்கோலியை நட்டு, பழைய ஜக்கெட்டின் சிப்பைப் பிரித்து ரயில்பாதை போட்டேன். மாமா ஐந்து நாள் குனிந்த தலை நிமிராமல் இருந்து மேடையைக் கட்டினார். மூங்கில் குச்சிகளில் நாலு கால், மேலே தட்டு, எரிவாயு எரியும் குழாய்க்குச் சிவப்புக் கண்ணாடித்தாள், ஒரு மூலையில் கிரேன். மீன்பிடி நைலோனில் கொக்கி கட்டியிருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி ஏறி இறங்கும். மேடையில் வேலை செய்ய, இடுப்பில் கம்பி வளையம் கட்டிய ஆறு பிளாஸ்டிக் பொம்மைகள். ஒன்றின் தலையில் மட்டும் மஞ்சள் பெயின்ற் அடித்தோம். அது மாமா.

முடிந்த பிறகு பார்த்தால் மேடை என் மலைகளைவிட உயரம். தலைநகர் அதன் காலடியில் தீப்பெட்டி அளவில் கிடந்தது. நாட்டைவிட உங்கள் மேடை பெரிதாகிவிட்டதே என்று சண்டை பிடித்தேன்.

"நாடு ஓடுறதே இதிலதானே" என்றார் மாமா. நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமைதான் போன் வந்தது. மாமா எழுந்து பின்வளவுக்குப் போய், உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று இங்கிலீஷில் கதைத்தார். பெரும்பாலும் ஓம் ஓம் என்றுதான். நான் கராஜ் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து அம்மாவோடு குசினியில் ஏதோ சொன்னார். பிறகு அம்மா வந்து, மாமா இப்போதைக்குப் போகமாட்டார், லீவை நீட்டிவிட்டார்கள் என்றாள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாமாவின் கழுத்தில் தொங்கினேன். அந்தோனியார் காபோன் வரைக்கும் போய் வந்திருக்கிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அம்மாவுக்கு வெங்காயம் உரித்ததில் கண் கலங்கியிருந்தது. அன்று பின்னேரம் அவள் மன்னாருக்கு நெடுநேரம் கதைத்தாள். கலியாண நாளைக் கொஞ்சம் தள்ளுவம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. சட்டை தைக்க இன்னும் நேரம் கிடைத்ததே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். வாசலில் இருந்த செம்மஞ்சள் பை கராஜின் மேல்தட்டுக்குப் போனது. அதிலிருந்து தன் மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து மாமா என் தலையில் வைத்தார். நீயே வைத்திரு என்றார். திரும்பிப் போகும்போது வேண்டாமா என்று கேட்டேன். கொம்பனி புதிது தரும் என்றார். அந்தக் கொம்பனி எவ்வளவு நல்ல கொம்பனி என்று அடுத்த நாள் வகுப்பு முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

பெற்றோர் நாளும் வந்தது. அப்பாவின் வானில் காபோனை ஏற்றிக்கொண்டு போனோம், காட்டைப் புதிதாக நட்டிருந்தோம். காபோனில் மரவள்ளிதான் முக்கிய சாப்பாடு என்று நான் படித்துச் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குக் காபோன்காரர் சொந்தக்காரராகிவிட்டார்கள். கிழங்கை அவித்துக் கட்டசம்பலோடு கொண்டுவந்தாள். ரீச்சர் சம்பலை ஒரு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டு, காபோன் மிகவும் உறைப்பான நாடு என்றார்.

என் முறை வந்ததும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வகுப்பின் முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் மாமா, சலவை செய்த சேர்ட்டோடு, கிரேன் கைப்பிடியைப் பிடித்தபடி. நிலத்தைச் சொன்னேன், ஆற்றைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன். கடைசியாக என் வித்தையை எடுத்தேன். காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியில் பெற்றோல் செட்டில் இருப்பது போலவே ஒரு விலைப்பலகை செய்து, இலக்க அட்டைகளை மாற்றும்படி வைத்திருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து விலையை இறக்கலாம். விலை ஒரு படி இறங்கினால், மாமா கிரேனால் மேடையிலிருந்து ஒருவரைத் தூக்கிக் கரையில் விடுவார். எண்ணெயை நம்பிய நாட்டின் பொருளாதாரம் இதுதான் என்று அறிவித்தேன்.

வகுப்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. விலையை இறக்க வரிசையே நின்றது. ஒவ்வொரு தடவையும் கொக்கி இறங்கி, ஒரு பொம்மையின் இடுப்பு வளையத்தில் மாட்டி, மெதுவாக ஆடி ஆடி, ஒகூவே வாயைத் தாண்டி மணலில் இறக்கியது. மாமா அவசரப்படவில்லை. இறக்கிய ஒவ்வொருவரையும் விழாமல் நிற்கவைத்துவிட்டுத்தான் கொக்கியை எடுத்தார். பெற்றோர்களும் கை தட்டினார்கள். ஐந்து பேர் போய் மஞ்சள் தலை மட்டும் நின்றது. ஒரு பையன் ஓடிவந்து கடைசி அட்டையையும் இறக்கினான்.

கொக்கி மஞ்சள் தலைக்கு மேல் வந்து நின்றது. நான் கையை நீட்டி மறித்தேன். அது என் மாமா, அவரை எடுக்கமுடியாது என்று எல்லோருக்கும் கேட்க இங்கிலீஷில் சொன்னேன்.

மாமா குனிந்து என் காதருகே சொன்னார். "விலை விழுந்தா எல்லாரும்தானே பிள்ளை இறங்கவேணும்."

"நீங்கள் இல்ல."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மாமாவும் சிரித்தார். கைப்பிடியைச் சுற்றிக் கொக்கியை மேலே எடுத்தார். முதல் பரிசு எனக்குத்தான் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு நன்றிக்கடன் தீர்க்கவேண்டுமே. பூசை முடிந்ததும் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தோனியார் முன்னால் போனேன். இரண்டு மெழுகுதிரி எடுத்து ஒன்றை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னத்துக்கு?"

"நீங்கள் திரும்பிப் போகக்கூடாது எண்டு நான்தான் கேட்டனான். அவர் செய்துபோட்டார். நீங்களும் தேங்ஸ் சொல்லவேணும்."

மாமா என்னைப் பார்த்தார், சுரூபத்தைப் பார்த்தார். பிறகு மெழுகுதிரியைக் கொளுத்தி, சரியாமல் அழுத்தி நட்டார். அவர் நின்ற நேரத்தில் ஒரு முழுச் செபமாலையே சொல்லியிருக்கலாம். எனக்குக் கால் உளைந்தது. அடுத்த முறையும் இப்படியே நிற்கும்படி கேட்கட்டுமா என்று கேட்டேன்.

"இப்போதைக்குக் காணும் பிள்ளை" என்று என் தலையைத் தடவினார். "அவரைக் கனக்கக் கரைச்சல்படுத்தக் கூடாது."

பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அவர் முன்னறையிலேயே இருந்தார். அப்பாவின் வானில் ஏறி இறங்கிப் பொதி தூக்கினார். அதற்கும் அந்தோனியாருக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெழுகுதிரி கொளுத்திய அந்த ஞாயிறு கோயிலிலிருந்து வரும்போது வழக்கம்போல நான் இடப்பக்க யன்னலில், பக்கத்தில் மாமா. வளைவு திரும்பியதும் பெற்றோல் செட் வந்தது. நான் பிறந்த நாளிலிருந்து பார்த்திராத அளவுக்குக் குறைந்த விலை. முழு இலக்கத்தையும் கத்தி வாசித்தேன். அப்பா ஸ்டியரிங்கில் தட்டவில்லை. அம்மாவும் திரும்பவில்லை. ஒருவருக்கும் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, யன்னலை மூடிவிட்டு, இன்னொரு தடவை இன்னும் உரக்க வாசித்தேன்.